லூப் அணியும் பெண்களும் அதிக குருதிப்போக்கும்

கருத்தடைக்காகக் கருப்பையினுள் வைக்கப்படும் சாதனத்தை எமது பெண்கள் 'லூப்' என்றே அழைக்கின்றனர். அமெரிக்க வைத்தியரான ஜக் லிப்பெஸ் 1960களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்திய, பாம்பு போன்று வளைந்த பிளாஸ்ரிக் சாதனத்துக்குரிய பெயர் அது. அச்சாதனம் எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. எனினும் இன்று பயன்படும் 'ரி' எழுத்து வடிவிலான செப்புச் சாதனத்துக்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது. லூப் அணிந்தால் இரத்தம் நிற்காமற் போகும் என்ற அச்சமும் அதனுடன் சேர்ந்தே நிலைத்துள்ளது. இந்த அச்சத்தை வெறும் வதந்தியென ஒதுக்கிவிட முடியாது. அதற்கு உடலியல் ரீதியான காரணம் உண்டு.

மாதவிடாயின்போது கருப்பையின் உட்படலம் உரிந்து வெளியேறுகின்றது. அவ்வேளை திறந்துகொள்ளும் சிறு குருதிக்குழாய்கள், குருதி உறைவதாலும் குழாய்களும் கருப்பைத் தசையும் சுருங்குவதாலும் மூடப்படுகின்றன. செப்புச் சாதனத்தைக் கருப்பை ஓர் அந்நியப் பொருளாகவே கருதுகின்றது. வெண்குருதிக் கலங்கள் அங்கு திரள்கின்றன. செம்பிலிருந்து கசியும் அயன்கள் அத்தாக்கத்தை மேலும் தூண்டுகின்றன. விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்து கருத்தரிப்பைத் தடுப்பது இச்சூழலே. ஆனால், அதே தாக்கத்தினால் புரொஸ்டாகிளாண்டின் எனும் பொருட்களின் சுரப்பு அதிகரித்து, குருதிக்குழாய்கள் விரிவடைந்து கசியத் தொடங்குகின்றன. உறைந்த குருதியைக் கரைக்கும் நொதியங்களும் அங்கு கூடுதலாகச் செயற்படுவதால், குழாய் வாயை அடைக்கவேண்டிய கட்டிகள் விரைவிலேயே கரைந்துவிடுகின்றன. சாதனம் உரசும் இடங்களில் உட்படலம் சிறிதளவு தேய்வதும் உண்டு. இடைநாட்களில் காணப்படும் சொட்டுக் குருதிக்கு இதுவும் ஒரு காரணமாகும். சாதனம் இடம் விலகியிருப்பின் குருதிப்போக்குடன் வலியும் அதிகரிக்கலாம்.

சாதாரண மாதவிடாயொன்றில் 30 முதல் 40 மில்லிலீற்றர் வரையான குருதி வெளியேறுகின்றது. 80 மில்லிலீற்றரைக் கடந்தால் அது மிகையானதாகும். செப்புச் சாதனம் வழமையான அளவை ஏறத்தாழ அரைப்பங்கினால் கூட்டக்கூடும். ஆரோக்கியமான பெண்ணுக்கு இது பெரிய இழப்பன்று. ஏற்கனவே குருதிச்சோகை உள்ளவருக்கோ நிலைமை வேறு. சாப்பிட்ட கையோடு தேநீர் அருந்தும் எமது வழக்கமும் உணவிலுள்ள இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றது.

பெரும்பாலானோருக்கு முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் இத்தொல்லை தணிந்துவிடும். மெபனமிக் அசிட் புரொஸ்டாகிளாண்டினைக் குறைக்கின்றது. ட்ரனெக்சமிக் அசிட் குருதிக் கட்டிகள் கரைவதைத் தடுக்கின்றது. இவற்றை வைத்திய ஆலோசனையுடனேயே பெறவேண்டும். லெவோநோர்ஜெஸ்ட்ரல் ஹோர்மோனைச் சுரக்கும் சாதனத்தின் கதை மாறானது. ஆரம்ப மாதங்களில் ஒழுங்கற்ற கசிவு ஏற்பட்டாலும், உட்படலம் மெலிந்த பின்னர் குருதிப்போக்கு வெகுவாகக் குறைந்துவிடும். மிகையான குருதிப்போக்குக்குச் சிகிச்சையாகவும் அது பயன்படுத்தப்படுகின்றது.

சிகிச்சை நிலையங்களில் அதிகம் பேசப்படாத விடயமொன்றையும் நாம் இங்கு குறிப்பிட விரும்புகின்றோம். நாள் கணக்கில் நீடிக்கும் கசிவு முஸ்லிம் பெண்ணுக்குத் தொழுகை, நோன்பு பற்றிய கேள்வியாகவும், இந்துப் பெண்ணுக்குக் கோவில், விரதம் பற்றிய கேள்வியாகவும் அமைகின்றது. இங்குள்ள முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபி மத்ஹபில் மாதவிடாயின் உச்ச வரம்பு 15 நாட்களாகும். அதனைக் கடந்தால் இஸ்திஹாழா பற்றிய சட்டங்கள் வருகின்றன. இதனை ஆலிம்களிடம் கேட்டறியத் தயங்கவேண்டியதில்லை. காரணத்தை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு லூப்பை அகற்றிவிட்டு, வேறு முறையெதனையும் நாடாதிருந்து எதிர்பாராமல் கருத்தரிக்கும் பெண்களும் உள்ளனர். சாதனத்தைப் பொருத்துவதற்கு முன்னரே, குருதிப்போக்கு கூடலாம் என்பதைக் குடும்பநல உத்தியோகத்தர்கள் கணவனையும் மனைவியையும் இருத்தி விளக்கினால் இந்நிலையைப் பெரிதும் தவிர்க்கலாம்.

அதேவேளை, எல்லாப் பழியையும் லூப்பின் மீதே சுமத்துவதும் ஆபத்தானது. மாதவிடாய் தவறிய பின்னர் அடிவயிற்று வலியுடன் குருதி வெளியேறினால், அது கருப்பைக்கு வெளியே கரு தங்கியதன் அறிகுறியாகலாம்; உடனடியாக வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். காய்ச்சலும் துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் கிருமித்தொற்றைக் குறிக்கலாம். பல வருடங்கள் தொல்லையின்றி இருந்துவிட்டுத் திடீரெனக் குருதிப்போக்கு அதிகரித்தால் அதற்குக் கருப்பைக் கட்டியோ தைரொயிட் கோளாறோ காரணமாக இருக்கலாம். உடலுறவின் பின்னரோ மாதவிடாய் முற்றாக நின்ற பின்னரோ குருதி காணப்பட்டால், சாதனம் உள்ளே இருப்பினும் இல்லாவிடினும், புற்றுநோய்க்கான பரிசோதனையைத் தாமதமின்றிச் செய்துகொள்ளவேண்டும்.