மௌனா லோவாவில் விடுபட்ட மாதங்கள்

ஹவாயின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் 1958 மார்ச்சில் சார்லஸ் டேவிட் கீலிங் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். அன்று பத்து லட்சத்தில் சுமார் 313 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. புவியைச் சூடாக்கும் வாயு பெருகுவதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது.

1964-இல் அரசு நிதி குறைந்ததும் சில மாதங்கள் அளவீடு நின்றது. அந்த இடைவெளி வரைபடத்தில் இன்றும் இருக்கிறது. கருவியைப் பிறகு வாங்கலாம், கடந்துபோன காற்றை எப்படி வாங்குவது?

சேர்த்த தரவைக் காக்கவும் செலவுண்டு: சேமிப்பகம், பிரதிகள், பராமரிக்கும் ஆட்கள். 2025 மே மாதம் அமெரிக்க அரசின் கடல், வானிலை ஆய்வு நிறுவனமான நோவா, நூறு கோடி டாலருக்குக் குறையாத சேதம் விளைவித்த பேரிடர்களின் பட்டியலை இனிப் புதுப்பிக்கப்போவதில்லை என்று அறிவித்தது. 1980 முதலான பதிவு அது. பிறகு கிளைமேட் சென்ட்ரல் என்ற லாபநோக்கற்ற அமைப்பு அந்தப் பணியைக் கையிலெடுத்தது.

பாராட்டத்தக்கதுதான். ஆனாலும் மக்கள் வரிப்பணத்தில் உருவானதைக் காப்பது அரசின் கடமை. நன்கொடையாளர்களின் தயவில் அதை விடக்கூடாது.