பக்கவாதம் என்னும் பெயரும் மூளைத்தாக்கின் அறிகுறிகளும்

ஆய்வுச்சுருக்கம்

பக்கவாதம் என்னும் சொல் நோயின் விளைவைச் சுட்டுகிறதேயன்றி, அது தோன்றும் இடமாகிய மூளையைச் சுட்டுவதில்லை. இந்நோயின் காரணங்கள், இடர்க்காரணிகள், அறிகுறிகள் ஆகியவற்றை விளக்கி, இப்பெயரின் பொருளெல்லைக்குள் அடங்காத அறிகுறிகள் எவை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பக்கவாதம், மூளைத்தாக்கு, குருதியடைப்பு, குருதிக்கசிவு, கலைச்சொல்

முன்னுரை

மாரடைப்பு என்னும் சொல்லில் நோயின் இடமும் நிகழ்வும் ஒருங்கே அமைந்துள்ளன. பக்கவாதம் என்பது அத்தகையதன்று. இதில் ‘பக்கம்’ உடலின் ஒரு புறத்தையும், ‘வாதம்’ சித்த மருத்துவம் கூறும் முக்குற்றங்களுள் ஒன்றையும் குறிக்கின்றன. இலங்கைத் தமிழில் வழங்கும் பாரிசவாதம் என்பதன் பொருளும் இதுவே. முடக்குவாதம், முகவாதம், இளம்பிள்ளைவாதம் ஆகிய பெயர்களும் ‘வாதம்’ என்றே முடிகின்றன. இன்றைய மருத்துவம் இவற்றுள் முதலாவதை நோயெதிர்ப்பு மண்டலத்தின் கோளாறாகவும், இரண்டாவதை முகநரம்பின் செயலிழப்பாகவும், மூன்றாவதை நச்சுயிரித் தொற்றாகவும் காண்கிறது. பக்கவாதமோ மூளையின் குருதிக்குழாய்களில் நேரும் அடைப்பு அல்லது கசிவின் விளைவு. பெயரொற்றுமை கொண்டு இவற்றை ஓரினமாகக் கருதுவது பொருந்தாது.

நோயின் தோற்றம்

உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வு நிலையில் உடல் பயன்படுத்தும் உயிர்வளியில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைக் கொள்கிறது. ஆகவே குருதியோட்டம் நின்ற சில நிமிடங்களிலேயே மூளைச் செல்கள் அழியத் தொடங்குகின்றன. சுவிட்சர்லாந்து மருத்துவர் யோகான் யாக்கோப் வெப்ஃபர் 1658இல் வெளியிட்ட நூலில், இந்நோயால் இறந்தோரின் உடற்கூறாய்வுவழி மூளைக்குருதிக்கசிவைப் பதிவுசெய்தார். இன்று குருதியடைப்பு, குருதிக்கசிவு என இருவகைகள் கூறப்படுகின்றன, முன்னதே மிகுதி. இடப்பக்க மூளை தாக்குண்டால் பெரும்பாலும் உடலின் வலப்பக்கம் செயலிழக்கும். நோயின் இடம் வேறு, அது வெளிப்படும் இடம் வேறு என்பதற்கு இதுவே சான்று.

இடர்க்காரணிகள்

இடர்க்காரணிகளுள் தலையாயது உயர் இரத்த அழுத்தம். நீரிழிவு, புகைப்பழக்கம், மிகுகொழுப்பு, உடலுழைப்பின்மை, மிகையான மதுப்பழக்கம், சீரற்ற இதயத்துடிப்பு ஆகியவையும் குறிப்பிடத்தக்கவை. வயதும் மரபும் மாற்றவியலாதவை. ஏனையவற்றுள் பெரும்பாலானவை கட்டுப்படுத்தத்தக்கவை. இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலியின்றி உயர்வதால், அளந்தறிவதே வழி.

பெயருக்குள் அடங்காத அறிகுறிகள்

ஒருபக்கக் கைகால் தளர்ச்சியும் வாய்க்கோணலும் பலரும் அறிந்தவை. ஆனால் திடீரெனப் பேச்சுக் குழறுதல், பிறர் கூற்று விளங்காமை, பார்வை மங்குதல் அல்லது இரட்டையாகத் தெரிதல், நடை தள்ளாடுதல், முன்பு அறியாத கடுந்தலைவலி ஆகியவையும் மூளைத்தாக்கின் அறிகுறிகளே. மூளையின் பின்பகுதி தாக்குண்டால் கைகால் தளராமலே கிறுகிறுப்பும் தள்ளாட்டமும் தோன்றக்கூடும். ‘பக்கம்’ விழவில்லை என்பதால் இவற்றை மயக்கமென்றோ களைப்பென்றோ கருத இடமுண்டு. சில நிமிடங்களில் மறைந்துவிடும் அறிகுறியும் எச்சரிக்கையே; அடுத்த இரு நாள்களில் பெருந்தாக்கு நேரும் வாய்ப்பு மிகுதி.

காலத்தின் இன்றியமையாமை

குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தின் பயன் 1995இல் வெளியான ஆய்வால் நிறுவப்பட்டது. பொதுவாக அறிகுறி தோன்றிய நான்கரை மணி நேரத்திற்குள் அது செலுத்தப்பட வேண்டும். குருதிக்கசிவில் அதே மருந்து கேடு விளைக்கும். எனவே மூளையைப் படமெடுத்து வகையறிந்த பின்னரே சிகிச்சை தொடங்கும். இதனால் வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுத்தலும், விழுங்கும் திறன் குன்றியவருக்கு நீர் புகட்டுதலும் தவிர்க்கத்தக்கவை. நோயாளி இறுதியாக நலமுடன் இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, மூளைப்படமெடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். எண்ணெய்த் தேய்ப்பில் கழியும் ஒரு பொழுது மீட்கவியலாத இழப்பாகலாம்.

முடிவுரை

பக்கவாதம் என்னும் சொல் வழக்கில் வேரூன்றியது. அதை விலக்குதல் எளிதன்று, தேவையுமன்று. எனினும் பாடநூலிலும் நலவாழ்வுக் கையேடுகளிலும் ‘மூளைத்தாக்கு’ என்பதை அதனுடன் இணைத்து வழங்கினால், நோயின் இடம் பெயரிலேயே விளங்கும். கைகாலை நோக்கும் கண் பேச்சையும் பார்வையையும் நடையையும் நோக்கப் பழகும். கலைச்சொல்லாக்கம் உயிர்காக்கும் பணியுமாகும் என்பதற்கு இச்சொல் தக்க சான்றாகும்.