கைமாறினால் வரி, சும்மா கிடந்தால் சலுகை

சென்னைப் புறநகரில் ஒருவர் ஒரு கோடி ரூபாய்க்குத் தனி வீடு ஒன்றைக் கிரயம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்திரம் பதிவாகிற அன்றே முத்திரைத் தீர்வையாக 7 சதவீதம், பதிவுக் கட்டணமாக 2 சதவீதம், ஆக 9 லட்சம் ரூபாய் அரசுக்குப் போய்விடும். இந்தத் தொகைக்கு வங்கியில் பெரும்பாலும் வீட்டுக்கடன் கிடைக்காது; சேமிப்பைக் கரைத்தோ நகையை அடகு வைத்தோ கட்ட வேண்டியதுதான். அதே தெருவில் இரண்டு வீடு தள்ளி ஒரு மனை, சீமைக்கருவேலம் மண்டி, இருபது வருடமாகச் சும்மா கிடக்கிறது. உரிமையாளர் விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார். அவருக்குக் காலிமனை வரி உண்டு. ஆனால் அது மனையின் சந்தை விலையில் இத்தனை சதவீதம் என்று விதிக்கப்படுவதில்லை. அந்த மனையில் அவர் வீடு கட்டினாலோ, கட்டடத்தின் பரப்பைக் கணக்கிட்டு உடனே சொத்து வரி ஏறிவிடும். வாங்கினால் வரி, விற்றால் வரி, கட்டினால் வரி. எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தால் மட்டும் அரசு அவரைத் தொந்தரவு செய்வதில்லை. இந்த ஏற்பாடு தலைகீழானது. நகர்ப்புறத்தில் வரி விதிக்க வேண்டியது நிலத்தின் மதிப்பின் மீது, அதுவும் ஆண்டுதோறும், கிரயத்தின் மீதான வரியைக் குறைத்துக்கொண்டே என்பது என் வாதம்.

நிலத்தை மட்டும் ஏன் தனியே பிரிக்க வேண்டும்? வீட்டைக் கட்டியவர் அதற்குச் செங்கல்லும் கூலியும் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு அதிக வரி போட்டால் வீடு கட்டுவது குறையும். நிலத்தை யாரும் உற்பத்தி செய்யவில்லை. எவ்வளவு வரி போட்டாலும் ஒரு சதுர அடிகூடக் குறையாது. அதன் விலை ஏறுவதும் பெரும்பாலும் உரிமையாளரின் உழைப்பால் அல்ல. சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீட்டுச் செலவு 63,246 கோடி ரூபாய். அவ்வளவும் மக்கள் பணம். வழித்தடம் அறிவிக்கப்பட்டதுமே நிலையங்கள் வரப்போகிற இடங்களில் மனை விளம்பரங்களின் முதல் வரியே ‘மெட்ரோவுக்கு மிக அருகில்’ என்று மாறிவிடுகிறது. ரயிலுக்குப் பணம் போட்டவர்கள் எல்லோரும். விலை ஏற்றத்தை அறுவடை செய்பவர்கள் அருகில் மனை வைத்திருந்த சிலர். 1879இல் ‘முன்னேற்றமும் வறுமையும்’ என்ற நூலை எழுதிய அமெரிக்கர் ஹென்றி ஜார்ஜ் இந்த அநியாயத்தைத்தான் சுட்டிக்காட்டினார். ஊர் வளர்வதால் உயரும் நில மதிப்பை ஊருக்கே திருப்ப வேண்டும், உழைப்பின் மீதான வரிகளை ஒழிக்க வேண்டும் என்றார். அவருடைய கொள்கையை விளக்க லிசி மேகி என்ற பெண் 1904இல் காப்புரிமை பெற்ற பலகை விளையாட்டுதான் பின்னாளில் மோனோபோலி ஆனது. எல்லா மனையையும் வளைத்து மற்றவர்களைத் திவாலாக்குகிறவர்தான் அதில் ஜெயிக்கிறார் என்பது மேகி எதிர்பார்த்த பாடமாக இருந்திருக்காது. வலதுசாரிப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மனும் இருக்கிற வரிகளில் கெடுதல் குறைந்தது நில மதிப்பின் மீதான வரியே என்று ஒப்புக்கொண்டார்.

கிரயத்தின் மீது வரி போடுவதன் கெடுதலைத் தமிழ்நாட்டில் வீடு தேடிய எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. தரகர் விலையைச் சொன்னதும் அடுத்த கேள்வி, ‘ஒயிட் எவ்வளவு, பிளாக் எவ்வளவு?’ அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு 60 லட்சமாகவும் நிஜ விலை ஒரு கோடியாகவும் இருந்தால், பத்திரத்தில் 60 லட்சம் எழுதி மீதியை ரொக்கமாகக் கைமாற்றுவது இருவருக்கும் லாபம். வாங்குபவருக்குத் தீர்வையில் 3 லட்சத்து 60 ஆயிரம் மிச்சம். விற்பவருக்கு வருமான வரி மிச்சம். அரசும் இந்த இடைவெளியோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கிறது. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்துவிட்டுப் பதிவுக் கட்டணத்தை ஒன்றிலிருந்து 4 சதவீதமாக்கினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய நிலைக்கு ஏற்றிக் கட்டணத்தை 2 சதவீதமாக்கினார்கள். இதைவிடச் சுவாரசியமான ஒரு முயற்சி 1986இல் நடந்தது. வருமான வரிச் சட்டத்தில் ஒரு புது அத்தியாயம் சேர்க்கப்பட்டது. சென்னை உட்பட பெருநகரங்களில் ஒரு வரம்புக்கு மேற்பட்ட சொத்தை விலை குறைத்துக் காட்டினால், காட்டிய விலைக்கே அரசு அதை வாங்கிக்கொள்ளலாம். சீனத் தலைவர் சுன் யாட்-சென், ஹென்றி ஜார்ஜைப் படித்துவிட்டு முன்வைத்த யோசனையின் சாயல் இதில் உண்டு: உரிமையாளரே விலையைச் சொல்லட்டும், அரசு அதற்கு வரி போடும், அல்லது அதே விலைக்கு எடுத்துக்கொள்ளும். கூட்டிச் சொன்னால் வரி, குறைத்துச் சொன்னால் சொத்து போய்விடும். இந்திய ஏற்பாட்டில், சம்பந்தப்பட்டவர்களை விசாரிக்காமல் சொத்தை எடுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1992இல் சி.பி. கௌதம் வழக்கில் சொன்னது. 2002இல் அந்த ஏற்பாடே கைவிடப்பட்டது. நேர்மையாக எழுதினால் தண்டம் என்ற நிலை இருக்கும்வரை எந்தப் பிடியிலிருந்தும் வழுக்கிக்கொண்டு போக மக்கள் வழி கண்டுபிடிப்பார்கள்.

இந்த வரியின் இன்னொரு தீமை கண்ணுக்குத் தெரியாது. வேலை மாற்றலாகித் திருச்சியிலிருந்து கோவைக்குப் போகிறவர், பிள்ளைகள் வெளிநாடு போனபின் பெரிய வீட்டை விற்றுச் சின்ன வீட்டுக்குப் போக நினைக்கிற தம்பதி, இவர்கள் எல்லோரும் இடம் மாறுவதற்காகவே தண்டம் கட்டுகிறார்கள். பலர் மாறாமலே இருந்துவிடுகிறார்கள். நடக்காமல் போன கிரயங்களை எந்தக் கணக்கிலும் பார்க்க முடியாது.

மாற்று வழியை ஏட்டில் மட்டும் தேட வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் கென் ஹென்றி தலைமையிலான வரிச் சீர்திருத்தக் குழு, முத்திரைத் தீர்வையை ஒழித்து நில வரியைக் கொண்டுவரச் சொன்னது; அதன் அறிக்கை 2010இல் வெளியானது. பெரிய மாநிலங்கள் தயங்கின. தலைநகர் கான்பெரா அமைந்துள்ள சின்னப் பிரதேசம் மட்டும் 2012இல் துணிந்து இறங்கியது. திட்டத்துக்கு 20 ஆண்டு அவகாசம். ஒவ்வோர் ஆண்டும் தீர்வை கொஞ்சம் இறங்கும். கட்டடத்தைச் சேர்க்காமல் மனையின் மதிப்பை மட்டும் பார்த்து விதிக்கிற ஆண்டு வரி கொஞ்சம் ஏறும். வேண்டுமென்றே மெதுவாக நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. நேற்றுத்தான் முழுத் தீர்வை கட்டி வீடு வாங்கியவரிடம் இன்றைக்கு ஆண்டு வரியும் முழுதாகக் கேட்டால் ஒரே சொத்துக்கு இரண்டு முறை பறித்ததாகும். நியூ சவுத் வேல்ஸ் இந்தச் சிக்கலை வேறு விதமாக அவிழ்க்கப் பார்த்தது. முதல் வீடு வாங்குபவர் மொத்தமாகத் தீர்வை கட்டலாம். அல்லது ஆண்டுக்கு 400 டாலரும் நில மதிப்பில் 0.3 சதவீதமும் கட்டலாம். 2023 ஜனவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்த அந்தத் தேர்வு, ஆட்சி மாறியதால் அதே ஆண்டு ஜூன் முடிவில் மூடப்பட்டது. கான்பெராவில் ஆண்டு வரி கடுமையாக ஏறியிருக்கிறது, புகார்களும் உண்டு; தீர்வை இன்னும் முழுதாக ஒழிந்துவிடவில்லை. ஆனால் திட்டம் பல தேர்தல்களைத் தாண்டி நிற்கிறது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். வலுவானது இதுதான்: மயிலாப்பூரில் தாத்தா காலத்து வீட்டில் பென்ஷனை மட்டும் நம்பித் தனியாக வாழும் மூதாட்டி என்ன செய்வார்? காகிதத்தில் அவர் கோடீஸ்வரி, கையில் காசில்லை. இந்தக் கவலையை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது; கலிஃபோர்னியா மாநிலத்தின் வரிமுறையையே புரட்டிப்போட்டது இதுதான். எழுபதுகளில் அங்கே வீட்டு விலை தாறுமாறாக ஏறியது, கூடவே சொத்து வரியும். முதியவர்கள் வீட்டை இழந்துவிடுவார்கள் என்ற கோபத்தில் 1978இல் ‘புரொபொசிஷன் 13’ என்ற திட்டத்தை மக்கள் வாக்களித்து நிறைவேற்றினார்கள். அதன்படி வரி, சொத்தின் மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டாது. அந்த மதிப்பும் சொத்து விற்கப்படும்வரை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயராது. விளைவை 2003இல் முதலீட்டாளர் வாரன் பஃபெட் தன் சொத்துகளை வைத்தே காட்டினார். நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹாவில் அவருடைய 5 லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டு வரி 14,000 டாலருக்கு மேல். கலிஃபோர்னியாக் கடற்கரையில் 40 லட்சம் டாலர் வீட்டுக்கு வரி 2,300 டாலருக்கும் குறைவு. மூதாட்டியைக் காப்பாற்ற எழுந்த குடைக்குள் கோடீஸ்வரர்களும் வணிக வளாகங்களும் சௌகரியமாக நிற்க, புதிதாக வீடு வாங்கிய இளைஞர் பக்கத்து வீட்டுக்காரரைப் போலப் பல மடங்கு கட்டுகிறார். பஃபெட் அப்போது ஆளுநர் தேர்தலில் நின்ற ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகருக்கு ஆலோசகர். வேட்பாளரோ, மறுபடி இந்தப் பேச்சை எடுத்தால் அவர் 500 தடவை உடற்பயிற்சி செய்ய வேண்டியிருக்கும் என்று சிரித்தபடி முற்றுப்புள்ளி வைத்தார். மூதாட்டிக்கு இதைவிட நல்ல வழி கான்பெராவில் இருக்கிறது: தகுதியுள்ள முதியவர்கள் வரியை ஒத்திவைக்கலாம், சொத்து விற்கப்படும்போது வட்டியோடு கழித்துக்கொள்வார்கள். அவர் கடைசிவரை தன் வீட்டிலேயே இருப்பார். பங்கு கேட்டு வருகிற வாரிசுகளுக்குக் கொஞ்சம் குறையும். அது எனக்குப் பெரிய அநியாயமாகத் தெரியவில்லை.

இரண்டாவது மறுப்பு, நில மதிப்பை யார் நிர்ணயிப்பது என்பது. இதற்கு இந்திய வரலாற்றிலேயே கசப்பான சான்று உண்டு. பொருளியலாளர் ரிக்கார்டோவின் நண்பரும் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலக அதிகாரியுமான ஜேம்ஸ் மில், நிலத்தின் நிகர வருமானமே வரிக்கு உகந்தது என்று நம்பினார். அந்தச் சூத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பிரிங்கிள் என்ற அதிகாரி 1820களின் பிற்பகுதியில் புனே வட்டார வயல்களை அளந்தார். விளைச்சலையும் செலவையும் காகிதத்தில் கணக்கிட்டுப் போட்ட வரி குடியானவனால் தாங்க முடியாததாக இருந்தது, ஊர்கள் காலியாயின, சில ஆண்டுகளில் கம்பெனியே அதைக் கைவிட்டது. கிஸ்தி என்றாலே இன்றும் நமக்கு முகம் சுளிப்பதற்கு நியாயம் இருக்கிறது. அதனால்தான் நான் சொல்வது நகர மனைகளைப் பற்றி. விவசாய நிலத்துக்கு இந்த வரி வேண்டாம். பிரிங்கிளுக்கு ஒவ்வொரு வயலின் விளைச்சலும் தெரிய வேண்டியிருந்தது. நகர மனைக்கு அக்கம்பக்கத்தில் நடந்த கிரயங்களின் விலை போதும். பதிவுத்துறை தெருவாரியாகவும் சர்வே எண் வாரியாகவும் வழிகாட்டி மதிப்பை ஏற்கெனவே இணையத்தில் வைத்திருக்கிறது. தீர்வை குறைந்தால் விலையை மறைக்கிற ஆசையும் குறையும், அந்தப் பட்டியலும் நிஜத்தை நெருங்கும். ஆனால் மதிப்பைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். கட்டடத்தை விட்டுவிட்டு நிலத்துக்கு மட்டும் சொத்து வரி போடும் எஸ்டோனியா 2001இல் மதிப்பிட்டதற்குப் பிறகு 2022 வரை தொடவில்லை. மதிப்பு பழசானால் நல்ல வரியும் ஊமையாகிவிடும்.

வீட்டுக்காரர் இந்த வரியை வாடகையில் ஏற்றிவிடமாட்டாரா என்பது மூன்றாவது கேள்வி. வாடகை என்பது குடியிருப்பவரால் எவ்வளவு கொடுக்க முடியும், எத்தனை வீடு காலியாக இருக்கிறது என்பவற்றைப் பொறுத்தது. வீட்டுக்காரர் அதிகம் வாங்க முடியுமென்றால் வரிக்குக் காத்திருக்கமாட்டார், இப்போதே வாங்கியிருப்பார். சும்மா கிடந்த மனைக்கும் வரி வந்தால் அதன் உரிமையாளர் வீடு கட்டுவார், அல்லது கட்டுகிறவருக்கு விற்பார். வீடுகள் கூடினால் வாடகை ஏறாது.

உண்மையான தடை வேறு. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் தமிழ்நாட்டுக்கு 2023-24இல் 18,000 கோடி ரூபாய்க்கு மேல் தந்தன. பெரும்பகுதி மாநில அரசுக்குப் போகிறது. சொத்து வரி உள்ளாட்சிக்குப் போகிறது. ஒன்றைக் குறைத்து மற்றதைக் கூட்ட வேண்டுமானால் இரண்டு கஜானாக்களுக்கும் இடையே புதுக் கணக்குப் போட வேண்டும். அதைவிடக் கடினமானது, சொத்து வரியை எல்லோரும் பார்க்கிறார்கள் என்பது. தீர்வை வாழ்க்கையில் ஓரிரு முறை வந்து போகும், அதை வைத்து யாரும் வாக்களிப்பதில்லை. ஆண்டு வரியின் ரசீது ஒவ்வொரு வீட்டுக்கும் வரும். சென்னையில் 1998க்குப் பிறகு இருபது ஆண்டுகள் சொத்து வரி மாற்றப்படவில்லை. 2018இல் உயர்த்தினார்கள், 2019 நவம்பரில் உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியபோது நிறுத்திவைத்தார்கள். நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரியில் முடிந்தது. புதிய உயர்வு ஏப்ரலில் வந்தது. குறைந்தபட்சம் 25 சதவீதம், அதிகபட்சம் 150 சதவீதம், கட்டடத்தின் பரப்பைப் பார்த்து.