கவுளிக் கணக்கும் அணுக் கணக்கும்

"தாதா, உங்கள் கணக்குப்படி பார்த்தால் ஒரு தம்ளர் தண்ணீரில் பதினொரு மூலக்கூறுகள்தாம் இருக்கும்!" என்று சொல்லி, நமக்குப் பாடம் சொல்லித்தரும் வங்காளி இளைஞர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்ததில் குற்றமில்லை. 'ஒரு நீர் மூலக்கூற்றின் நிறை யாது?' என்ற வினாவுக்கு நாம் '18 கிராம்' என்று விடை எழுதியிருந்தோம்.

ரயில்வேக் காரியாலயத்தில் குமாஸ்தாவாக இருப்பவருக்கு முப்பத்தாறு வயதில் ரசாயனம் எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். தகப்பனார் உத்தியோகத்தில் இருக்கும்போதே காலமானார். நாம் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திவிட்டு வேலையில் அமர்ந்தோம். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, தபால் வழியில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறவேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மற்றப் பாடங்கள் கைகூடின. ரசாயனத்தில் சென்ற ஆண்டு தவறினோம். ஏழாம் வகுப்பில் படிக்கும் மகளிடம் அதைச் சொல்ல நேர்ந்த மாலைப்பொழுது இன்னும் மனத்தில் இருக்கிறது. இம்முறையும் தவறினால் மறுபடி பணம் கட்டுவதைப் பற்றி வீட்டில் வாய் திறக்க இயலாது.

கூட்டல் கழித்தல் நமக்குப் புதிதன்று. நாள் முழுதும் செய்யும் தொழிலே அதுதான். இடறியது வேறிடத்தில். பாடநூல் ஒரு வரியில் தம்ளர்த் தண்ணீரைப் பேசும். அடுத்த வரியில் கண்ணுக்கெட்டாத ஒற்றை மூலக்கூற்றைப் பேசும். மூன்றாம் வரியில் 'எச்-டூ-ஓ' என்ற குறியைப் பேசும். அக்குறியோ ஒரு மூலக்கூற்றையும் குறிக்கும், ஒரு மோல் நீரையும் குறிக்கும். வண்டி எந்தத் தண்டவாளத்துக்கு மாறிற்று என்று அறிவிப்பார் இல்லை.

வெற்றிலைதான் நமக்கு வழிகாட்டிற்று. ஒரு கவுளி என்றால் நூறு வெற்றிலை. இலை பெரிதானாலும் சிறிதானாலும் எண்ணிக்கை நூறே; தராசில் வைத்தால்தான் எடை வேறுபடும். மோல் என்பதும் அப்படிப்பட்ட கவுளியே. ஒரு மோல் கரி 12 கிராம், ஒரு மோல் இரும்பு ஏறத்தாழ 56 கிராம், ஒரு மோல் நீர் 18 கிராம். எண்ணிக்கை மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றே. நாம் கவுளியின் எடையை ஒற்றை இலையின் தலையில் ஏற்றிவிட்டோம்.

அந்த எண்ணிக்கை 6.02214076 × 10²³ என்று 2019-ஆம் ஆண்டு மே 20 முதல் உலகம் முழுவதற்கும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. இந்திய மக்கள் 140 கோடிப் பேரும் உண்ணாமல் உறங்காமல் நொடிக்கு ஒன்றாக எண்ணினாலும் எண்ணி முடிக்க ஒரு கோடியே முப்பத்தாறு லட்சம் ஆண்டுகள் ஆகும். நம் முன்னோர் 320-இல் ஒரு பங்கை முந்திரி என்றனர். அம்முந்திரியிலும் 320-இல் ஒரு பங்கைக் கீழ்முந்திரி என்றனர். அவ்வழியே ஒரு மோல் நீரைப் பங்கிட்டுப் பார்த்தோம். ஒன்பதாம் முறை பங்கிட்டதும் எஞ்சுவன பதினேழு மூலக்கூறுகளே. பத்தாம் முறைக்கு இடமில்லை. மூலக்கூற்றை உடைத்தால் அது நீராக இராது. இதைக் கண்ட இரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

அளவு மாறினால் குணமும் மாறும் என்பது அடுத்த வியப்பு. வீட்டுப் பெண்டிர் அணியும் தங்கம் மஞ்சள். அதையே ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகள்களாக்கி நீரில் மிதக்கவிட்டால் மாணிக்கச் சிவப்பாகத் தோன்றும். இத்தகைய சிவந்த திரவங்களை மைக்கேல் பாரடே 1857-இலேயே ஆராய்ந்திருக்கிறார். ஆகவே 'தங்க அணு மஞ்சளா?' என்று கேட்பதே பொருந்தாது.

கண்ணால் கண்டதிலிருந்து காணாத மூலக்கூற்றுக்குத் தாவும் இவ்வித்தையை இதே கல்கத்தாவில் ஒரு தமிழர் செய்து காட்டினார். திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்த சி. வி. ராமன் 1907-இல் நிதி இலாகா அதிகாரியாக இங்கு வந்தார். மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் தோற்றுவித்த விஞ்ஞானக் கழகம் அந்நாளில் பௌபஜார் வீதியில் 210-ஆம் எண் கட்டடத்தில் இருந்தது. ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகிப் போன காலம் நீங்கலாக, ஆபீசுக்கு முன்னும் பின்னும் அங்கேதான் அவர் ஆராய்ச்சி நடந்தது. 1917-இல் உத்தியோகத்தை விட்டுச் சர்வகலாசாலைப் பேராசிரியரானார். (அவர் அதிகாரி, நாம் குமாஸ்தா, ஒப்புமை ஆபீஸ் வாசலோடு சரி.)

1921-இல் கப்பற்பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரை ஈர்த்தது. அது வானத்தின் பிரதிபிம்பம் என்பது ராலே பிரபுவின் கருத்து. ராமன் நிக்கல் பட்டகம் ஒன்றைக் கொண்டு பிரதிபலித்த ஒளியை விலக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை, அதிகம் ஒளிர்ந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று தெளிந்தார். பிறகு வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனும் உடனிருந்து உழைக்க, 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் புதிய உண்மை வெளிப்பட்டது. ஒரே நிறமுள்ள ஒளியைத் திரவத்தினுள் செலுத்தினால், சிதறி வருவதில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருகிறது. எவ்வளவு மாறிற்று என்பது, உள்ளிருக்கும் மூலக்கூறு எவ்வாறு அதிர்கிறது என்பதைச் சொல்லிவிடும். 1930-இல் நோபல் பரிசு வந்தது. நமக்குப் பரிசைவிடப் பட்டகமே பெரிதாகத் தோன்றுகிறது.

நேற்று வாத்தியார் அதே வினாவை மறுபடி கொடுத்தார். 18-ஐ அப்பெரும் எண்ணால் வகுத்து, புள்ளிக்குப் பின் சுழியங்களை வரிசையாக எழுதி, இறுதியில் 3 என்று முடித்தோம். மகள் விரல் வைத்துச் சுழியங்களை எண்ணினாள். இருபத்திரண்டு இருக்கவேண்டிய இடத்தில் இருபத்தொன்றே இருந்தன. "அப்பா, ஒன்று குறைகிறது," என்றாள். சேர்த்து எழுதினோம். பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.