கோடைமலை வெள்ளியருவி

மலையினின்று வீழும் நீரை நீர்வீழ்ச்சி என்பது பிற்கால வழக்கு. நம் முன்னோர் அதனை அருவி என்றே வழங்கினர். புறநானூற்றிற் பெருந்தலைச்சாத்தனார் பாடிய கடியநெடுவேட்டுவனுக்குரிய கோடைமலை, இற்றைக் கொடைக்கானல் மலையே என்பது அறிஞர் பலர் கருத்து. அம்மலைமேற் செல்லும் பெருவழியின் ஓரத்தே வீழ்வதே யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட வெள்ளியருவி.

மதுரையினின்று வத்தலக்குண்டு வழியாக மலையேறுவோர், கொடைக்கானல் நகரை அடைதற்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் முன்னரே இதனைக் காண்பர். அருவியின் உயரம் ஏறத்தாழ 55 மீட்டர், அஃதாவது 180 அடி. அது கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,800 மீட்டரில் அமைந்துள்ளது. 1,000 மீட்டர் ஏறுந்தோறும் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை குறைதல் இயல்பு, ஆதலின், கே.கே. நகர்த் தெருக்களில் வெயில் கொளுத்தும் அதே பொழுதில், அருவியருகே நிற்போர் 10 பாகை குறைந்த குளிர்ச்சியை நுகர்வர். நீர் பாறையில் மோதிச் சிதறுங்கால் காற்றுக்குமிழிகள் கலக்கின்றன. அவற்றின்மேற் பட்ட ஒளி எல்லா நிறங்களோடும் ஒருங்கே சிதறுதலின், நிறமற்ற நீர் வெள்ளியென விளங்குகின்றது.

இனி, இவ்வருவிக்கு நீர் யாண்டிருந்து வருகின்றது? மேலேயுள்ள கொடைக்கானல் ஏரியின் மிகைநீரே இஃது. மதுரை அமெரிக்க மிஷனைச் சார்ந்தோர் 1845-இல் அம்மலையில் இல்லங்கள் அமைத்தனர். பின்னர், மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு துரையின் முயற்சியால், 1863-இல் ஓடைநீரைக் கரைகட்டித் தேக்கி அவ்வேரி ஆக்கப்பட்டது. நம் கே.கே. நகரை அடுத்த வண்டியூர்க் கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்தலை யாவரும் அறிவர். வெள்ளியருவியும் அத்தகைய மறுகாலே. மலையிற் பாய்தலின் அருவியாயிற்று, அவ்வளவே வேற்றுமை. ஐப்பசி கார்த்திகை மழையில் அது பெருகுதலும், வேனிலில் மெலிதலும் இதனாலேயாம்.

இவ்வுண்மையினின்று பிறிதோர் உண்மையும் பெறப்படும். ஏரியிற் சேரும் அழுக்கு ஏரியோடு நில்லாது. மறுகால் வழியே அருவிக்கும், அருவி வழியே கீழுள்ள நிலத்திற்கும் இறங்கும். மழைநீரை உறிஞ்சி வைத்து, மழையற்ற நாளிலும் சிறிது சிறிதாகக் கசியவிடுவன மலைச்சோலைகள். நம் சோலை என்னுஞ் சொல்லையே இக்காடுகளுக்குப் பெயராக உலகத்து அறிவியலாரும் கொண்டனர். அவை குறையின், மழைநாளில் வெள்ளமும் ஏனைநாளில் வறட்சியுமே எஞ்சும். மலைமேற் செல்லும் வண்டிகளின் பெருக்கத்தை அளவிடற்பொருட்டு, சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் மின்னணு நுழைவுச்சீட்டு முறை கொணரப்பட்டதும் இத்தகைய கவலையினாலேயாம்.

அருவியைக் கண்டு களித்தல் எளிது. தாம் உண்டபின் எறியும் நெகிழித்தாள் எவ்வழிச் சென்று எவர் குடிநீரிற் சேரும் என்று எண்ணுதல் அரிது. நீரின் வழியை அறிந்தார்க்கு அவ்வெண்ணம் தானே வரும். மாணவ நண்பர்காள்! விடுமுறையில் மலையேறுவீராயின், அருவியை அண்ணாந்து நோக்குமுன் அதன் ஏரியையும் சோலையையும் ஒருமுறை நினைமின்.