செவ்வாயில் ஆறு ஓடியதா? கூழாங்கல் சொன்ன சாட்சி

பார்த்தால் உடைந்த கான்கிரீட் துண்டு மாதிரியே இருக்கும். ஆனால், இயற்கை போட்ட கான்கிரீட். இதன் பெயர் காங்லோமரேட். 2 மில்லிமீட்டருக்கு மேல் பருமனான கூழாங்கற்கள் மணலோடு படிந்து, சிலிக்கா, சுண்ணம் போன்ற தாதுக்களால் இறுகி உருவாகும் படிவுப் பாறை இது.

எப்படிக் கண்டுபிடிப்பது? உள்ளே இருக்கும் கற்களின் விளிம்பைப் பாருங்க. மழுங்கி உருண்டிருந்தால் காங்லோமரேட். கூராக இருந்தால் பிரெச்சியா. கூர் மழுங்கவில்லை என்றால் கல் அதிக தூரம் நகரவில்லை. உருண்டிருந்தால், தண்ணீர் நெடுந்தூரம் உருட்டி வந்திருக்கலாம்.

2012-ல் நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயில் படம் பிடித்ததும் இப்படி ஒரு பாறையைத்தான். அதிலிருந்த உருண்டைக் கற்கள் காற்று சுமந்துவர முடியாத அளவு பெரியவை. அப்போ, அங்கே ஒரு காலத்தில் ஓடை ஓடியிருக்கணும். ஆழம்? கணுக்கால் முதல் இடுப்பு வரை என விஞ்ஞானிகள் கணித்தார்கள்.