வண்டியின் குரலும் புகைக்குழாயும்



சில மாதங்களுக்கு முன் எனக்கு மருமகன் முறையான இளைஞர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் என் வீட்டுக்கு வந்தார். அவர் வருமுன்பே அவருடைய மோட்டார் வண்டியின் முழக்கம் வந்துவிட்டது. தெருக்கோடியில் அது திரும்பும்போதே எங்கள் வீட்டு யன்னற் கண்ணாடிகள் அதிர்ந்தன. பழைய வண்டியொன்றை, சுபாரு இம்பிரேசா டபிள்யூ. ஆர். எக்ஸ். என்னும் இனத்தது, வாங்கியிருந்தார். வாங்கிய கையோடு இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்துப் புதிய புகைக்குழாயும் சைலன்சரும் பூட்டியிருந்தார். ஆயினும் முகத்தில் மகிழ்ச்சியில்லை. "மாமா, இரைச்சல்தான் கூடியிருக்கிறது, வேகம் கூடவில்லை. தூரப் பயணம் போனால் தலையிடிக்கிறது. அம்மா ஏறவே மாட்டேன் என்கிறா" என்றார். அன்று அவருக்குச் சொன்னவற்றையே இன்று உங்களுக்கும் சொல்லலாமென எண்ணுகிறேன்.

எஞ்சினிலிருந்து வெளியேறும் வாயு, குழாயில் ஓடும் நீர்போல ஒரே சீராகப் பாய்வதில்லை. ஒவ்வோர் உருளையும் எரிந்து முடிந்ததும் அதன் வாயில் திறக்க, எண்ணூறு பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் ஒரு வீச்சு வாயு வெளியே அறைகிறது. நான்கு உருளை எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு அறைகள். இவ்வறைகளின் வரிசையே நாம் கேட்கும் ஒலி. அவற்றை மழுக்குவது சைலன்சரின் வேலை. அமெரிக்காவில் றீவ்ஸ் சகோதரர்கள் 1897ஆம் ஆண்டில் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார்கள். மோட்டார் வண்டிக்கும் அதன் சைலன்சருக்கும் வயது ஏறக்குறைய ஒன்றே.

குழாய் எவ்வளவுக்கு அகலமோ அவ்வளவுக்கு வலு என்று பலர் நம்புகிறார்கள். வேறு சிலரோ, வாயுவுக்குக் கொஞ்சம் தடை இருந்தால்தான் எஞ்சின் நன்றாக இழுக்கும் என்கிறார்கள். இரண்டும் பாதி உண்மை. பாதி உண்மையை நம்பித்தான் பணம் வீணாகிறது. தடையை எந்த எஞ்சினும் விரும்புவதில்லை. அது விரும்புவது வாயுவின் ஓட்டவேகம். வேகமாக ஓடும் வீச்சொன்று தன் பின்னே சிறு வெற்றிடத்தை விட்டுச் செல்கிறது. அடுத்த உருளையின் எரிந்த வாயுவை அது இழுத்தெடுக்கிறது. குழாயை அளவுக்கு மீறி அகலமாக்கினால் வேகம் குறைந்து இந்த இழுப்பும் குறையும். இரண்டே கால் அங்குலக் குழாய்க்குப் பதிலாக மூன்று அங்குலக் குழாய் பூட்டினால், விட்டம் முக்கால் அங்குலந்தான் கூடுகிறது. ஆனால் வாய்ப்பரப்பு ஏறக்குறைய 78 வீதம் கூடிவிடுகிறது. இதை மறக்கலாகாது.

என் மருமகனின் வண்டியில் டர்போ என்னும் காற்றமுக்கி உண்டு. அதன் சுழலியைத் தாண்டியதும் கதை மாறுகிறது. சுழலியை வாயுவே சுழற்றுவதால், அதற்குப் பின்னால் அமுக்கம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு நல்லது. ஆகவே அவர் பூட்டிய மூன்று அங்குலக் குழாயில் தவறில்லை. தவறு வேறிடத்தில் இருந்தது. சுழலியை அடுத்து இறங்கும் குழாயும் அதிலுள்ள ஊக்கிமாற்றியுமே பெரிய தடை. அவர் மாற்றியதோ அதற்குப் பின்னாலுள்ள பகுதியை மாத்திரம். அதனால் ஒலி மாறும். வலு மிகச் சிறிதே கூடும். கடைக்காரர் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வியாபாரம் நடந்திராது.

அப்படியானால் ஊக்கிமாற்றியைக் கழற்றி எறிந்துவிடலாமா என்று அவர் கேட்டார். "வேண்டாம், தம்பி. அதைச் சைலன்சரின் ஒரு துண்டென்று நினையாதேயும்" என்றேன். பிளாற்றினம், பலேடியம், உரோடியம் ஆகிய அருமையான உலோகங்கள் பூசிய தேன்கூடு போன்ற அந்தக் கட்டியினூடே செல்கையில் காபனோரொட்சைட்டும், எரியாத ஐதரோக்காபன்களும், நைதரசன் ஒட்சைட்டுகளும் பெரும்பாலும் தீங்கற்ற வாயுக்களாக மாறுகின்றன. நம் நாட்டில் ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுமுன் புகைப் பரிசோதனை உண்டு. பெற்றோல் வண்டிகளில் காபனோரொட்சைட்டும் ஐதரோக்காபனும் அளக்கப்படுகின்றன. அதில் தவறுவது ஒருபுறமிருக்க, சுழலிக்குப் பின்னுள்ள தடையை நீக்கிவிட்டு எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினியைத் திருத்தாமல் ஓட்டினால், காற்றமுக்கம் வரம்பு மீறி எஞ்சினே பழுதாகக்கூடும். குழாயில் மிச்சம் பிடித்து எஞ்சினைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

இனி ஒலியைக் கவனிப்போம். இம்பிரேசாவின் குரல் புகழ்பெற்றது. 1995ஆம் ஆண்டில் கொலின் மக்றே உலக ரலி வாகையராக வென்றதும் இவ்வினத்து வண்டியில்தான். அதன் குமுறலைக் கேட்டு மயங்கியவர் பலர். அக்குமுறல் சைலன்சரில் பிறப்பதன்று. எஞ்சினின் நான்கு உருளைகளும் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கின்றன. டர்போ வலப்பக்கத்தில் இருப்பதால், இடப்பக்கத்து வாயு எஞ்சினின் அடியால் சுற்றி நெடுந்தூரம் வரவேண்டும். உருளைகள் எரியும் ஒழுங்கோ வலம், வலம், இடம், இடம் என்பது. சம இடைவெளியில் புறப்பட்ட அறைகள் சமமில்லாத இடைவெளியில் வந்துசேர, தவில்காரர் தாளத்தை இழுத்தும் முறித்தும் அடிப்பது போன்ற அந்த ஓசை பிறக்கிறது. 2015ஆம் ஆண்டு மாதிரியில் எஞ்சினும் அதன் முன்குழாய்களும் மாற்றப்பட்டபோது அவ்வோசையும் பெரும்பாலும் போய்விட்டது. பழைய குமுறலை நினைத்துப் புதிய வண்டிக்குச் சைலன்சர் வாங்குகிறவர் ஏமாறத்தான் வேண்டும். எந்த வண்டியானாலும் குரலின் தன்மை எஞ்சினோடு கூடப் பிறந்தது. சைலன்சர் அதை உயர்த்தலாம், தாழ்த்தலாம், சற்றே மென்மையாக்கலாம்.

தலையிடிக்கு வருகிறேன். எஞ்சின் நிமிடத்துக்கு 2400 சுற்றுச் சுழல்கையில் செக்கனுக்கு 80 அறைகள் பிறக்கின்றன. 3000 சுற்றில் 100. அதிவேக நெடுஞ்சாலையில் நிதானமாக ஓடும் வண்டியின் எஞ்சின் பெரும்பாலும் இவ்வெல்லைக்குள்ளேயே சுழலும். வண்டியின் உட்கூடும் இத்தகைய தாழ்ந்த மீடிறனுக்குப் பரிவுற்று அதிர்கிறது. காலி வரை மணிக்கணக்காக அந்த ரீங்காரத்தைக் கேட்டால் எவருக்கும் தலையிடிக்கும். கடைவாசலில் நின்று எஞ்சினை உறுமச் செய்து கேட்டால் இது தெரியவராது. அதே குழாய் பூட்டிய வேறொருவரின் வண்டியில் ஏறி அரை மணித்தியாலம் நெடுஞ்சாலையில் சென்று பார்ப்பதே வழி.

பரிகாரமும் உண்டு. ஒரு முனை மூடிய கிளைக்குழாயொன்றைப் பிரதான குழாயில் ஒட்டினால், அதனுள்ளே சென்று திரும்பும் அலை, தன் நீளத்துக்கேற்ற ஒரு மீடிறனை மாத்திரம் அழித்துவிடும். ஒலி சூடான வாயுவில் விரைவாகச் செல்வதால், முந்நூறு பாகை வெப்பத்தில் 80 என்னும் மீடிறனுக்கு ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் நீளம் வேண்டும். வண்டியின் அடியில் அவ்வளவு இடம் காண்பது எளிதன்று. ஆயினும் தேர்ந்த உற்பத்தியாளர் சிலர் வளைத்து வைத்துவிடுகிறார்கள். இத்தகைய அமைப்பு உண்டா என்று வாங்குமுன் கேளுங்கள்.

இரைச்சலின் அளவையும் கேளுங்கள். பத்துத் தெசிபெல் கூடினால் காதுக்கு இருமடங்காகக் கேட்கும். கலிபோர்னியாவில் இத்தகைய வண்டிகளுக்கு 95 தெசிபெல் என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஒழுங்கைகளில் வீடுகள் நெருங்கியுள்ள நம் ஊர்களுக்கு அதுவும் அதிகம். விடிகாலை ஐந்து மணிக்கு வண்டியை உயிர்ப்பிக்கிறவர் அடுத்த வீட்டுத் தொட்டிற் குழந்தையையும் எண்ணிப்பார்க்க வேண்டுமல்லவா?

உலோகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வேன். கறையில்லா உருக்கு என்றே எல்லோரும் விற்பார்கள். 304 என்ற இனத்தில் 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் உண்டு. கடற்காற்றில் நெடுங்காலம் நிற்கும். 409 என்பதில் குரோமியம் 11 வீதமளவே. விரைவில் செம்பழுப்பு ஏறும். கடைக்குப் போகும்போது ஒரு சிறு காந்தத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். 409இல் அது பற்றென ஒட்டும். 304இல் ஒட்டாது, வளைவுகளில் மாத்திரம் இலேசாகப் பற்றக்கூடும். வளைவுகளையும் பாருங்கள்: குழாய் நசுங்காமல் முழுவட்டமாகவே வளைந்திருக்கவேண்டும். நசுங்கிய மூன்று அங்குலம் மூன்று அங்குலம் அன்று.

பூட்டும்போது ஒரு காரியத்தில் கண்ணாக இருங்கள். காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். இணைப்பில் ஒரு மயிரிழை வெடிப்பிருந்தாலும், குழாயின் வாய் பம்பருக்கு உள்ளே அடங்கிவிட்டாலும், ஓடும் வண்டியின் பின்னே உண்டாகும் அமுக்கக் குறைவு அவ்வாயுவைப் பயணப்பெட்டி வழியாக உள்ளே இழுத்துவிடும். என் மருமகனின் வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது பின் இணைப்பொன்றில் கரிக்கோடு படிந்திருந்தது. கசிவின் அடையாளம் அது. அவருடைய தலையிடிக்கு ரீங்காரம் மட்டுந்தான் காரணமா என்று எனக்கு அன்றைக்கே ஐயம் எழுந்தது.

அன்றிரவே யன்னல்களைத் திறந்துவிட்டு மெதுவாக வீடு போகச் சொன்னேன். மறுவாரம் இணைப்புத் தகடுகளைப் புதிதாக இட்டு, பின் சைலன்சரைக் கழற்றி, கிளைக்குழாய் உள்ள சற்றே பெரிய ஒன்றைப் பூட்டினார், ஊக்கிமாற்றியைத் தொடவில்லை. முந்நூறு மைல் ஓடியபின் ஆணிகளை மறுபடி இறுக்கும்படி சொல்லியிருக்கிறேன், சூட்டில் அவை நெகிழும். வண்டியோடு வந்த பழைய குழாயை விற்றுவிடாமல் வீட்டின் பின்புறத்தில் எண்ணெய் பூசி வைத்திருக்கிறார். சென்ற ஞாயிறு தாயாரையும் ஏற்றிக்கொண்டு வந்தார். வாயிலில் வந்து நின்றபின்புதான் எனக்குத் தெரிந்தது.